கிருமி தாக்கிய பெருந்தமனி வீக்கம்: வயிற்றைத் திறக்காமல் சரிசெய்வது எப்படி?

அறுவை மருத்துவம் கற்பவர்களுக்குத் தொடக்கத்திலேயே மனத்தில் பதியவைக்கும் விதி ஒன்று உண்டு: சீழ் இருக்கும் இடத்தில் வெளிப்பொருள் எதையும் விட்டுவைக்காதே. காலில் முள் இருக்கும் வரை புண் ஆறாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் இதைத்தான். உலோகத்தின்மீதோ துணியின்மீதோ கிருமி படலமாக ஒட்டிக்கொண்டுவிட்டால், ரத்தத்தில் வரும் மருந்தும் வெள்ளணுக்களும் அதை எளிதில் நெருங்க முடியாது.

அப்படியிருக்க, கிருமி அரித்துப் புடைத்துப்போன பெருந்தமனிக்குள், உலோகச் சட்டமும் செயற்கைத் துணியும் சேர்ந்த ‘ஸ்டென்ட் கிராஃப்ட்’ என்ற ஒரு குழாயைத் தொடைத் தமனி வழியாகக் கொண்டுபோய் நிரந்தரமாகப் பொருத்திவிட்டு வருகிறார்கள் என்றால் கேட்பவர்களுக்குத் திடுக்கென்றுதான் இருக்கும். ஆனால் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் பல நாடுகளில் இந்த நோய்க்கு இந்தச் சிகிச்சையே அதிகம் செய்யப்படுவதாக மாறியிருக்கிறது. விதியை மருத்துவர்கள் மறந்துவிடவில்லை. விதிப்படி செய்த பெரிய அறுவையை நோயாளிகளில் பலரால் தாங்க முடியவில்லை என்பதுதான் காரணம்.

முதலில் நோயைப் பார்த்துவிடுவோம்

பெருந்தமனி இதயத்தின் இடது கீழறையிலிருந்து கிளம்பி, மேலே வளைந்து, முதுகெலும்பை ஒட்டி மார்பு வழியாக வயிற்றுக்குள் இறங்குகிறது. ஏறக்குறைய தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களை நோக்கிப் போகிறது. உடம்பின் மிகப் பெரிய ரத்தக்குழாய் இதுதான். வயிற்றுப் பகுதியில் இதன் குறுக்களவு சுமார் 2 சென்டிமீட்டர். சுவர் பலமிழந்து அது 3 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ உப்பிவிட்டால் அதைப் பெருந்தமனி வீக்கம் என்கிறோம். மருத்துவர்கள் ‘அனியூரிசம்’ என்பார்கள்.

சாதாரண அனியூரிசம் பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது, அதிலும் புகைபிடிக்கும் ஆண்களுக்கு அதிகம். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் என்று மெதுவாக வளரும். ஆண்களுக்கு 5.5 சென்டிமீட்டர், பெண்களுக்கு 5 சென்டிமீட்டர் அளவை எட்டும் வரை அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனித்துக்கொண்டிருந்தாலே போதும் என்பது பொதுவான நடைமுறை. கிருமி தாக்கிய வீக்கத்துக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. இங்கே சுவரைக் கிருமி தின்றுகொண்டிருக்கிறது. சிறியதாக இருக்கும்போதே வெடிக்கலாம். சில நாட்கள் இடைவெளியில் எடுத்த இரண்டு ஸ்கேன்களை அருகருகே வைத்துப் பார்த்தால், வீக்கம் வளர்ந்திருப்பது மருத்துவம் படிக்காதவர் கண்ணுக்கும் தெரியும்படி இருப்பதுண்டு.

நல்லவேளையாக இது அரிய நோய். ஸ்வீடனில் 1994 முதல் 2014 வரை அறுவைக்கு வந்த வயிற்றுப் பெருந்தமனி வீக்கங்களில் கிருமி தாக்கியவை 0.6 சதவீதம் மட்டுமே. கிழக்காசியாவில் இந்த விகிதம் இதைவிட அதிகம்.

ஸ்கேன் அறிக்கையில் ‘மைக்காட்டிக் அனியூரிசம்’ என்று எழுதியிருப்பார்கள். இணையத்தில் தேடினால் பூஞ்சை என்று வரும், குடும்பமே கலங்கிப்போகும். 1885-இல் லண்டனில் மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் ஆற்றிய உரைகளில், இதய வால்வில் கிருமித்தொற்று கண்ட ஒருவரின் பெருந்தமனி வளைவில் தான் பார்த்த வீக்கங்களுக்கு அந்தப் பெயரை வைத்தார். அந்த வளர்ச்சி காளான் போலத் தோன்றியதே காரணம். இந்த நோயை உண்டாக்குபவை பெரும்பாலும் பாக்டீரியாக்கள்தான்.

கிருமி எங்கிருந்து வருகிறது?

பெருந்தமனியின் உட்புறத் தோல் சேதமில்லாமல் இருந்தால் கிருமிகள் அதில் அவ்வளவு சுலபமாகக் குடியேறிவிட முடியாது. வயதாக ஆக அந்தத் தோலில் கொழுப்புப் படிந்து, ஆங்காங்கே வெடித்துச் சொரசொரப்பாகிறது. பல்லிலோ சிறுநீரகப் பாதையிலோ தோல் புண்ணிலோ நுரையீரலிலோ இருந்து ரத்தத்தில் கலந்த கிருமிக்கு அந்தச் சொரசொரப்பு போதும். ஏற்கெனவே இருந்த சாதாரண வீக்கத்துக்குள் கிருமி புகுந்துகொள்வதும் உண்டு.

இன்னொரு வழி வெளிப்புறமாக வருகிறது. பெருந்தமனிக்குப் பக்கத்தில் இருக்கும் முதுகெலும்பு, நிணநீர்க் கணு, இடுப்புத் தசை ஆகியவற்றில் சீழ்க்கட்டி இருந்தால் அது மெல்லப் பரவித் தமனியின் சுவரை அரிக்கும். காசநோய் இப்படித்தான் பெரும்பாலும் பெருந்தமனியை எட்டுகிறது. ஆன்டிபயாடிக் மருந்துகள் வருவதற்கு முன்பு, வால்வில் தொற்று கண்ட இதயத்திலிருந்து சிதறிவரும் கிருமிக் கட்டிகளே முதன்மைக் காரணமாக இருந்தன. இப்போது அந்த வகை குறைந்துவிட்டது. நீரிழிவு, சிறுநீரகச் செயலிழப்பு, புற்றுநோய், நெடுநாள் ஸ்டீராய்டு என்று எதிர்ப்புச் சக்தி தளர்ந்த முதியவர்களே இன்று அதிகம் வருகிறார்கள்.

எந்தக் கிருமி என்பது ஊருக்கு ஊர் மாறும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஸ்டஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் முன்னிலையில் நிற்கின்றன. தைவானிலும் தாய்லாந்திலும் சால்மொனெல்லா. சரியாக வேகாத முட்டை, கோழி இறைச்சி வழியாக வயிற்றுப்போக்கு உண்டாக்கும் அதே கிருமிதான். இளைஞருக்கு இரண்டு நாள் அவதியோடு போய்விடும். ரத்தக்குழாயில் கொழுப்புப் படிந்த முதியவருக்கு அது ரத்தத்தில் கலந்தால் தமனிச் சுவரில் தங்கிவிடும் ஆபத்து இருக்கிறது.

மெலியாய்டோசிஸ் என்று ஒரு நோய் உண்டு. தாய்லாந்தின் வடகிழக்கிலும் ஆஸ்திரேலியாவின் வடக்கிலும் நன்கு அறியப்பட்டது. ஈரமண்ணிலும் சேற்றுநீரிலும் வாழும் பர்க்ஹோல்டேரியா என்ற கிருமி உண்டாக்குவது. மழைக்காலத்தில் அதிகம் வரும். நீரிழிவு உள்ளவர்களையே பெரும்பாலும் பிடிக்கும். இதுவும் பெருந்தமனியைத் தாக்கக்கூடியது. தென்னிந்தியாவிலும் இந்த நோய் இருக்கிறது, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதைப் பற்றித் தொடர்ந்து எழுதிவந்திருக்கிறார்கள். வயலில் இறங்கும் நீரிழிவுக்காரர்கள் நிறைந்த மாநிலத்தில் இந்தப் பெயரை மருத்துவர்களே சட்டென்று நினைக்காமல் போவது கவலைக்குரியது. ஆய்வகத்தில் இது சூடோமோனாஸ் என்ற வேறு கிருமியாகத் தவறாக அடையாளம் காணப்படுவதும் நடக்கிறது.

கண்டுபிடிப்பதில்தான் பாதிப் போராட்டம்

காய்ச்சல், முதுகிலோ வயிற்றிலோ வலி, வயிற்றில் துடிக்கும் கட்டி. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எவரும் சந்தேகப்படுவார்கள். ஆனால் மூன்றும் சேர்ந்து வருவது அபூர்வம். காய்ச்சலுக்கு ஒரு மருத்துவர், முதுகுவலிக்கு இன்னொரு மருத்துவர் என்று போய்வருவார்கள். ஒருவர் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் கொடுப்பார். மற்றவர் வலிமாத்திரையும் இடுப்புப் பட்டையும் கொடுப்பார். காய்ச்சல் அடங்கும், பிறகு திரும்ப வரும். அதற்குள் வாரங்கள் ஓடிவிடும்.

சாயம் ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன்தான் இங்கே முதன்மைச் சோதனை. சாதாரண வீக்கம் குழாயின் சுற்றுவட்டம் முழுவதும் ஒரே சீராக உப்பியிருக்கும். சுவரில் சுண்ணாம்புப் படிவு வெள்ளையாகத் தெரியும். கிருமி தாக்கியது ஒரு பக்கமாகப் பை போலத் துருத்திக்கொண்டிருக்கும், சில சமயம் பல குமிழ்களாக. சுற்றியுள்ள கொழுப்பு கலங்கி, மங்கலான சதைத்திரள் போலத் தெரியும். அருகிலேயே காற்றுக்குமிழ் தெரிந்தால் நிலைமை மோசம் என்று பொருள். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதத்தின் அளவும் வெள்ளணுக்களும் ஏறியிருக்கும். சந்தேகம் நீடித்தால் பெட் ஸ்கேன் உதவும்.

இவற்றோடு பிளட் கல்ச்சர். ரத்தத்தை எடுத்து ஊட்டக்குப்பியில் வைத்துக் கிருமியை வளர்த்துப் பார்ப்பது. ஆன்டிபயாடிக் ஊசி ஏறுவதற்கு முன்பே இதை எடுத்துவிட வேண்டும். ஏறிய பிறகு எடுத்தால் குப்பியில் ஒன்றும் வளராமல் போகக்கூடும். எந்தக் கிருமி என்றே தெரியாமல் மாதக்கணக்கில் குத்துமதிப்பாக மருந்து கொடுக்க வேண்டிய நிலை வரும். சரியாக எடுத்தாலும் கணிசமானவர்களுக்குக் கிருமி வளர்வதில்லை என்பது வேறு விஷயம். இந்த நோயில் ஒரு நோயாளிக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, முதல் நாளிலேயே எடுக்கப்படும் அந்த இரண்டு மூன்று குப்பி ரத்தம்தான் என்பேன். எந்த ஸ்டென்ட்டையும் விட.

திறந்து செய்யும் அறுவை

பாரிஸில் 1951-இல் ஷார்ல் துபோஸ்ட், வயிற்றுப் பெருந்தமனியின் வீங்கிய பகுதியை வெட்டி எடுத்து, இறந்தவர் ஒருவரிடமிருந்து எடுத்த தமனித்துண்டை அங்கே தைத்தார். அதற்கு முன்பெல்லாம் ஒட்டுப்போடும் வேலைதான். ஆல்பர்ட் ஐன்ஸ்டைனுக்கு 1948-இல் ருடால்ஃப் நிஸ்ஸன் செய்தது, வீக்கத்தைச் சுற்றி செலோஃபேன் தாளைப் போர்த்தியது. அவருடையது கிருமி தாக்கியது அல்ல. 1955-இல் அது வெடித்தபோது மீண்டும் அறுவைக்கு அவர் சம்மதிக்கவில்லை. செயற்கைத் துணிக்குழாய்கள் பிறகு வந்தன.

கிருமி தாக்கிய வீக்கத்துக்கு இந்த அறுவையை இன்னும் கடுமையாகச் செய்ய வேண்டும். வயிற்றை நீளவாக்கில் திறந்து, வீக்கத்துக்கு மேலும் கீழும் கவ்விகள் போட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்தி, அழுகிய சுவரையும் சுற்றியுள்ள சீழையும் முழுவதுமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு கால்களுக்கு ரத்தம் போக வழி செய்ய வேண்டும். பழைய வழி, வெட்டிய பெருந்தமனியின் நுனியைத் தைத்து மூடிவிட்டு, அக்குள் தமனியிலிருந்து தோலுக்கு அடியில் ஒரு நீண்ட குழாயை இறக்கித் தொடைத் தமனிகளில் இணைப்பது. சீழ் இருக்கும் இடத்தை அந்தக் குழாய் தொடாது என்பதால் விதி காப்பாற்றப்படுகிறது. ஆனால் தைத்து மூடிய நுனி சில வாரங்களிலோ மாதங்களிலோ பிய்த்துக்கொண்டு, நொடியில் உயிரைப் பறித்துவிடக்கூடும்.

அதனால் சுத்தம் செய்த அதே இடத்திலேயே புதுக்குழாயைத் தைப்பது இன்று அதிகம். தானமாகப் பெற்று உறையவைத்த மனிதத் தமனி, நோயாளியின் தொடையிலிருந்து எடுத்த ஆழ்சிரை, மாட்டின் இதய உறையிலிருந்து தைத்த குழாய், ரிஃபாம்பிசினில் ஊறவைத்த டேக்ரான் துணிக்குழாய் என்று தேர்வுகள் உண்டு. ரிஃபாம்பிசின் காசநோய் மருந்துதான். சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். அதில் ஊறிய வெள்ளைத் துணிக்குழாயும் அதே நிறத்துக்கு மாறியிருக்கும். கடைசியில் வயிற்றுக் கொழுப்புத் திரையின் ஒரு பகுதியைக் கொண்டுவந்து புதுக்குழாயைச் சுற்றிப் போர்த்துவார்கள். அதன் ரத்த ஓட்டம் கிருமியோடு போராட உதவும்.

எழுபது வயது, நீரிழிவு, பலவீனமான இதயம், ஏற்கெனவே ரத்தத்தில் கிருமி. இப்படிப்பட்டவருக்கு இந்த அறுவை எவ்வளவு பெரிய சோதனை என்று விளக்க வேண்டியதில்லை.

உள்வழியாகப் போவது

சோவியத் உக்ரைனின் கார்க்கிவ் நகரில் நிக்கொலாய் வொலொடோஸ் 1987-இலேயே, விபத்தில் சேதமான மார்புப் பெருந்தமனிக்குள் ஸ்டென்ட் கிராஃப்ட் ஒன்றைத் தொடைவழியாகக் கொண்டுபோய்ப் பொருத்தினார். வெளியுலகம் நெடுநாள் அதைக் கவனிக்கவில்லை. 1990 செப்டம்பரில் புவெனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கு இதைச் செய்து, அடுத்த ஆண்டு எழுதியபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. கிருமி தாக்கிய வீக்கத்துக்கு இதைப் பயன்படுத்தும் துணிச்சல் சற்றுத் தாமதமாக வந்தது. 1998-இல் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் மார்புப் பெருந்தமனியில் அப்படிச் செய்த மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள்.

செய்முறை இப்படி நடக்கிறது. எக்ஸ்ரே கருவி பொருத்திய அறுவை அரங்கில் நோயாளி மல்லாந்து படுத்திருப்பார். இரண்டு தொடை இடுக்குகளையும் சுத்தம் செய்வார்கள். அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி தொடைத் தமனியில் ஊசி நுழையும். ஊசி வழியாக மெல்லிய வழிகாட்டிக் கம்பி. கம்பி இடுப்பைத் தாண்டி மேலேறிப் பெருந்தமனிக்குள் போவது திரையில் நிழலாகத் தெரியும். ரத்தம் உறையாதிருக்க ஹெபாரின் கொடுப்பார்கள். கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாகச் சாயம் செலுத்தியதும், ஓரிரு நொடிக்குப் பெருந்தமனியும் அதன் கிளைகளும் திரையில் கறுப்பாக மின்னி மறையும். அந்த நொடியில் மருத்துவர் தேடுவது வீக்கத்தை அல்ல, சிறுநீரகத் தமனிகள் கிளம்பும் இடத்தை. குழாயின் மேல்விளிம்பு அதற்குக் கீழே உட்கார வேண்டும்; தப்பித்தவறி மூடிவிட்டால் சிறுநீரகம் போய்விடும்.

ஸ்டென்ட் கிராஃப்ட் என்பது நைட்டினால் போன்ற உலோகத்தாலான வளையங்கள்மீது துணி தைத்த குழாய். விரிந்தால் விரல்கள் நுழையும் அகலம் இருக்கும். ஆனால் உள்ளே போகும்போது பென்சில் பருமனுள்ள உறைக்குள் சுருட்டி அடைத்திருப்பார்கள். கம்பியின்மேல் அது மேலேறுகிறது. இடம் சரியாக அமைந்ததும் மயக்கமருந்து நிபுணர் மூச்சை நிறுத்தி வைப்பார். அறுவை மருத்துவர் உறையை மெல்லப் பின்னுக்கு இழுப்பார். வளையங்கள் ஒவ்வொன்றாக விரிந்து தமனிச் சுவரில் பதியும். நுண்ணிய கொக்கிகள் பிடித்துக்கொள்ளும். தமனியின் அகலத்தைவிட பத்து முதல் இருபது சதவீதம் பெரிதான குழாயையே தேர்ந்தெடுப்பார்கள். அந்தத் தெறிப்புதான் கசிவில்லாமல் இறுக்கிப் பிடிக்கிறது. மேலும் கீழும் குறைந்தது ஒன்றரை சென்டிமீட்டராவது நல்ல சுவர் வேண்டும் என்பது வழக்கமான எதிர்பார்ப்பு.

வீக்கம் இரண்டாகப் பிரியும் இடம் வரை இருந்தால் குழாயும் கால்சட்டை வடிவத்தில் இருக்கும். இரண்டாவது காலைப் பொருத்த, மறுபக்கத் தொடையிலிருந்து ஏறும் கம்பி, முதலில் வைத்த குழாயில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு சிறு வாய்க்குள் சரியாக நுழைய வேண்டும். பார்ப்பவருக்குப் பொறுமை போகும் கட்டம் இதுதான். சில நிமிடங்களிலும் முடியும். அரை மணி நேரத்தையும் தின்னும். கிருமி தாக்கிய வீக்கம் பெரும்பாலும் ஒரு பக்கத்துப் பை என்பதால், பல நேரங்களில் நேரான ஒற்றைக்குழாயே போதுமானதாக இருக்கும். அது நல்லதும்கூட, உள்ளே விட்டுவரும் உலோகமும் துணியும் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. சுவர் நொய்ந்துபோயிருப்பதால் பலூனால் அழுத்திப் படியவைப்பதையும் மிக மென்மையாகவே செய்வார்கள். சில மையங்களில் குழாயை உறைக்குள் இருக்கும்போதே ரிஃபாம்பிசின் கரைசலில் நனைத்துவிடுகிறார்கள். அதனால் எவ்வளவு பலன் என்பது இன்னும் உறுதியாகவில்லை.

கடைசியாக ஒருமுறை சாயம் செலுத்திப் பார்ப்பார்கள். ரத்தம் புதுக்குழாய்க்குள் மட்டும் ஓடுகிறது, வீக்கப்பைக்குள் போகவில்லை என்றால் வேலை முடிந்தது. தொடையில் சிறு தையல். சிக்கலில்லாதவர் மறுநாளே எழுந்து நடப்பார்.

கிருமி அங்கேயேதான் இருக்கிறது

ஸ்டென்ட் கிராஃப்ட் தடுப்பது வெடிப்பை மட்டும். அரிக்கப்பட்ட சுவர், சீழ், கிருமி எல்லாம் குழாய்க்கு வெளியே அப்படியே இருக்கின்றன. ‘ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது’ என்று சொல்லும்போது குடும்பத்துக்கு இது தெளிவாகச் சொல்லப்படுவதில்லை என்பது என் மனக்குறை. சாதாரண அனியூரிசத்துக்கு ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பியவரும் இவரும் பார்ப்பதற்கு ஒன்றுபோலிருப்பார்கள். இருவருடைய நிலையும் வேறு.

பெரிய சீழ்க்கட்டி இருந்தால் சி.டி. வழிகாட்டலில் முதுகுப்புறமாகக் குழாய் செருகி வடிக்கலாம். தேறிய பிறகு, திட்டமிட்ட நாளில் திறந்து சுத்தம் செய்து, ஸ்டென்ட்டை எடுத்துவிட்டு நிரந்தரக் குழாய் தைப்பவர்களும் உண்டு. ரத்தம் கொட்டிக்கொண்டிருந்த நள்ளிரவில் செய்ய வேண்டியிருந்த அறுவையை, காய்ச்சல் அடங்கி உடம்பு தேறிய பிறகு ஒரு பகல் வேளைக்கு மாற்றித்தருகிறது உள்வழிச் சிகிச்சை. சிலருக்கு அந்த இரண்டாவது அறுவை தேவைப்படாமலே போய்விடுகிறது.

எண்கள் என்ன சொல்கின்றன? ஸ்வீடனின் உப்சாலாவைச் சேர்ந்த கார்ல் சொரேலியஸும் சக மருத்துவர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு நாடு முழுவதையும் உள்ளடக்கியது: 132 நோயாளிகள், 62 பேருக்குத் திறந்த அறுவை, 70 பேருக்கு உள்வழிச் சிகிச்சை. மூன்று மாதத்தில் உயிரோடிருந்தவர்கள் திறந்த அறுவையில் 74 சதவீதம், உள்வழியில் 96 சதவீதம். ஐந்தாண்டில் முறையே 60, 58. தொற்று தொடர்பான சிக்கல்கள் 18, 24 சதவீதம். இந்த வேறுபாடு புள்ளியியல்படி உறுதியானதல்ல. முதல் மாதங்களின் ஆபத்தை உள்வழிச் சிகிச்சை வெகுவாகக் குறைக்கிறது. விதியை மீறியதற்காக எதிர்பார்த்த பெரிய தண்டனை பிற்பாடு வரவில்லை. நோயாளிகளைச் சீட்டுக்குலுக்கிப் பிரித்துச் செய்த சோதனையல்ல இது. யாருக்கு எது என்று மருத்துவர்களே தேர்ந்தெடுத்தார்கள். இவ்வளவு அரிய, இவ்வளவு அவசரமான நோயில் குலுக்கல் சோதனையை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

தைவான் மருத்துவர்கள் 2007-இல் 22 கட்டுரைகளிலிருந்து, உள்வழிச் சிகிச்சை பெற்ற 48 நோயாளிகளைத் திரட்டிப் பார்த்ததில் இன்னொன்று தெரிந்தது. தொற்று அடங்கியவர்களில் ஓராண்டு உயிர்வாழ்வு 94 சதவீதம். அடங்காதவர்களில் 39 சதவீதம். சிகிச்சையின்போது காய்ச்சல் இருந்தவர்களுக்கும், வீக்கம் ஏற்கெனவே வெடித்திருந்தவர்களுக்கும் நிலைமை மோசமாக முடிந்தது. ஆகவே நிலைமை அனுமதித்தால், முதலில் சில நாட்கள் ஊசி மருந்து கொடுத்துக் காய்ச்சலை அடக்கிவிட்டு அப்புறம் குழாயைப் பொருத்துவது நல்லது. வலி கூடினாலோ வீக்கம் வளர்ந்தாலோ காத்திருக்க முடியாது.

எல்லாருக்கும் இது பொருந்திவிடாது. வீக்கம் குடலோடு ஒட்டி ஓட்டை விழுந்து, ரத்த வாந்தியாகவோ கறுத்த மலமாகவோ வெளிவந்தால், குடலின் கிருமி ஓயாமல் உள்ளே வந்துகொண்டேயிருக்கும். அங்கே ஸ்டென்ட் உயிரைக் காத்துத் தரும் இடைக்கால ஏற்பாடு மட்டும்தான். குடலையும் தமனியையும் பிரித்துச் சரிசெய்யும் அறுவை பின்னால் வந்தாக வேண்டும். குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் கிளைகள் இருக்கும் பகுதியில் வீக்கம் இருந்தால், அந்தக் கிளைகளுக்கு நேராகத் துளையோ கிளைக்குழாயோ உள்ள தனிவகை கிராஃப்ட் வேண்டும். அளவெடுத்துச் செய்துவர வாரங்கள் ஆகும். இந்த நோய் அவ்வளவு நாள் பொறுக்காது. தயார்நிலையில் கிடைக்கும் வகைகளை வைத்தோ, மருத்துவரே மேசையில் துளையிட்டோ சமாளிக்கிறார்கள். இளம் வயது, நல்ல உடல்நிலை, பெரிய சீழ்த்திரள் உள்ளவருக்குத் திறந்த அறுவையே சரி என்று வாதிடும் மருத்துவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்கிவிட முடியாது.

மாத்திரையை எப்போது நிறுத்துவது?

கிருமியைக் கொல்லும் வேலை முழுக்க ஆன்டிபயாடிக்கின் தலையில் விழுகிறது. முதலில் சில வாரங்கள் ஊசி வழியாக, பிறகு மாதக்கணக்கில் மாத்திரை. மெலியாய்டோசிஸ் தமனியைத் தாக்கியிருந்தால் ஆஸ்திரேலியாவின் டார்வின் மருத்துவர்கள் வகுத்த வழிமுறை எட்டு வாரம் ஊசியும் அதன்பின் ஆறு மாதம் மாத்திரையும் கேட்கிறது. செயற்கைக் குழாய் உள்ளே இருப்பவர்களுக்கு அதற்கும் மேல். காசநோய்க்கு அதற்குரிய கூட்டு மருந்துகள். மற்றக் கிருமிகளுக்கு ஒரே அளவுகோல் இல்லை. ஆறு மாதம் என்பவர்கள் உண்டு, ஓராண்டு என்பவர்கள் உண்டு, ஆயுள் முழுவதும் என்பவர்களும் உண்டு.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. சொரேலியஸ் குழு 2014-இல் வெளியிட்ட பல நாட்டு ஆய்வில் ஐரோப்பாவின் 16 மையங்களில் உள்வழிச் சிகிச்சை பெற்ற 123 பேர் இருந்தார்கள். சராசரியாக 30 வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தார்கள். தொற்றினாலேயே இறந்தவர்கள் 23 பேர். அவர்களில் 9 பேர் மருந்தை நிறுத்திய பிறகு இறந்தவர்கள். இதைப் படித்தால் நிறுத்தவே கூடாது என்று தோன்றும். ஆனால் ஆண்டுக்கணக்கில் ஆன்டிபயாடிக் சாப்பிடுவதற்கும் விலை உண்டு: சிறுநீரகம் பாதிக்கப்படலாம், குடலில் கடுமையான வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமி பெருகலாம், மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகலாம். சி.ஆர்.பி. இயல்புநிலைக்கு வந்து, ஸ்கேனில் வீக்கப்பை சுருங்கி, சுற்றியிருந்த கலங்கல் மறைந்து, குறிப்பிட்ட கிருமிக்கு உரிய மருந்து போதிய காலம் போயிருந்தால் நிறுத்திப்பார்க்கலாம் என்பதே எனக்கு நியாயமாகப் படுகிறது. நிறுத்திய உடனே கண்காணிப்பைத் தளர்த்துவதுதான் ஆபத்து.

முதலாண்டில் சில மாதங்களுக்கு ஒருமுறை சி.டி. எடுப்பார்கள், பிறகு இடைவெளி கூடும். ஸ்கேனில் பார்ப்பது குழாய் நகர்ந்திருக்கிறதா, கசிகிறதா, பை மறுபடி வளர்கிறதா, வேறிடத்தில் புதுப்பை முளைக்கிறதா என்பவற்றை. சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், புகை கூடாது. பல் பிடுங்கப் போனாலும், வேறு அறுவைக்குப் போனாலும், உள்ளே செயற்கைக் குழாய் இருப்பதையும் அதன் பின்னணியையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் நான்கு விஷயங்கள் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்: வளர்ந்த கிருமியின் பெயர், அது எந்தெந்த மருந்துக்கு அடங்குகிறது என்ற பட்டியல், பொருத்திய குழாயின் வகையும் அளவும், மருந்து நிறுத்தும் தேதியை முடிவு செய்யப்போகும் மருத்துவர் யார் என்பது. அறுவை மருத்துவர், தொற்றுநோய் மருத்துவர், உள்ளூர்க் குடும்ப மருத்துவர் என்று மூவர் இருக்கும்போது நான்காவது விஷயம் யாருடைய பொறுப்புமில்லாமல் நின்றுவிடுவது சகஜம். மாத்திரை நிறுத்திய பிறகு காய்ச்சலோ முதுகுவலியோ திரும்ப வந்தால், மருந்துக்கடையில் எதையும் வாங்கிப் போட்டுக்கொள்ளாமல் நேரே மருத்துவமனைக்குப் போய், முதலில் பிளட் கல்ச்சருக்கு ரத்தம் கொடுக்க வேண்டும்.